மருந்தடிக்காத நேரத்தில் ஏறும் மருந்து

"இருபது வருசமா அடிக்கிறேன், எனக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது." பருத்திக் காட்டிலும் கத்தரித் தோட்டத்திலும் நெல் வயலிலும் பூச்சிமருந்துப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எதையெல்லாம் "அடிக்கிறது" என்று கணக்கு வைக்கிறார் என்று பாருங்கள். பம்பை முதுகில் மாட்டியதிலிருந்து இறக்கி வைக்கும் வரைதான். டப்பாவைத் திறந்து கலக்கியது, அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதியது, நனைந்த சட்டையோடு உட்கார்ந்து டீ குடித்தது, அந்தச் சட்டையை வீட்டில் துவைத்தது, மறுநாள் அதே காட்டில் களை எடுத்தது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் குந்தியிருக்கிறது.

கலக்குவதிலிருந்தே தொடங்கலாம். 2023இல் தடை வரும் வரை புழங்கிய மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எல். என்றால் தண்ணீரில் கரையும் திரவம், 36 என்றால் ஒரு லிட்டரில் 360 கிராம் நஞ்சு. லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்தால் தெளிக்கும் கரைசலில் லிட்டருக்கு 0.72 கிராம். டப்பாவில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட 500 மடங்கு கெட்டி. ஊற்றும்போது கையில் வழியும் ஒரு மில்லி, அரை லிட்டர் கரைசலைக் கையில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். அடிக்கும்போது முகத்தில் துணி கட்டுகிறவர்கூடக் கலக்கும்போது கட்டுவதில்லை, "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்பார். பல வீடுகளில் கலக்கிக் கொடுப்பது வீட்டுப் பெண்கள், இல்லையென்றால் பள்ளி விடுமுறையில் இருக்கும் பையன். அவர்களைக் கேட்டால் "நாங்க மருந்தடிக்கிறது இல்லைங்க" என்பார்கள்.

ஒரே ஒரு ஜோடி கையுறை வாங்கத்தான் காசிருக்கிறது என்றால், அதைப் போட வேண்டிய நேரம் கலக்கும் நேரம். நைட்ரைல் ரப்பர் கையுறை, முழங்கை நோக்கி நீளமானது வேண்டும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய உறை கிழிந்துவிடும். நூல் கையுறை வெறுங்கையைவிட மோசம், மருந்தை உறிஞ்சி நாள் முழுக்கத் தோலில் ஒட்ட வைத்திருக்கும். தோல் செருப்பும் அப்படித்தான்.

மூடியால் அளப்பதை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு கம்பெனி மூடியும் ஒவ்வொரு அளவு. மில்லி கோடு போட்ட குவளை மருந்துக்கென்றே தனியாக இருக்கட்டும். டேங்கில் பாதித் தண்ணீர் விட்டு, சிறிய வாளியில் மருந்தைக் கொஞ்சம் தண்ணீரோடு நீளக் குச்சியால் கலக்கி, அதை வடிகட்டி வழியாக ஊற்றி, மீதித் தண்ணீரை நிரப்ப வேண்டும். பொடி மருந்தென்றால் முதலில் கொஞ்சம் தண்ணீரில் பசைபோலக் குழைத்துக்கொள்ள வேண்டும், நேரே டேங்கில் கொட்டினால் கட்டி கட்டியாக நின்று நாசிலை அடைக்கும். பாக்கெட்டைப் பல்லால் கிழிக்காமல் கத்தரியால் வெட்ட வேண்டும். வாளி இடுப்புக்குக் கீழே, காற்று பக்கவாட்டில். முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஊற்றுகிற பழக்கம்தான் கண்ணில் தெறிக்க வைக்கிறது.

நாசில் அடைப்பு அடுத்த இடம். ஊதுவது ஒரு நொடி வேலை என்பதால் அது யார் நினைவிலும் நிற்பதில்லை. டேங்குக்கு இரண்டு தடவை ஊதினால், பத்து டேங்குக்கு இருபது தடவை மருந்து உதட்டில் படுகிறது. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி நீர்த்துளி பருமனாகும், மருந்தும் கூடுதலாகக் கொட்டும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். இல்லையென்றால் பையில் ஒரு நாசில் கூடுதலாக வைத்துக்கொண்டு மாற்றிவிடலாம். அடைப்பே வராமலிருக்க வாய்க்கால் தண்ணீரை வேட்டித்துணியில் வடிகட்டி ஊற்றினால் பாதித் தொல்லை தீரும்.

இனி தோல். "வாயில போனாத்தான் விஷம்" என்பது வயலில் மிக ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை. தற்கொலைக்குக் குடித்தவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் தெளிக்கிறவரின் உடம்புக்குள் மருந்து போகும் முக்கிய வழி தோல். பாராதியான் என்ற மருந்தை மனித உடம்பில் வெவ்வேறு இடங்களில் தடவிப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 1971இல் வெளியானது. முன்கையில் தடவியதில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது. உள்ளங்கையில் 12, உச்சந்தலையில் 32, நெற்றியில் 36, காதுத் துளையில் 46, அக்குளில் 64. விரைப்பையில் ஏறக்குறைய முழுவதும்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் நடப்பதைப் பாருங்கள். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருக்கிறது, குனியும்போதெல்லாம் கரைசல் முதுகில் வழிந்து இடுப்புக்கு இறங்கி உள்ளாடையில் தேங்குகிறது. நெற்றி வியர்வையை மருந்து பட்ட துண்டால் துடைக்கிறார். போன் அடிக்கிறது, ஈரக்கையால் எடுத்துக் காதில் வைக்கிறார். சிறுநீர் கழிக்கப் போகிறார், கையை அதற்குப் பிறகுதான் கழுவுகிறார். மருந்தடிக்கும் நாளில் கையை முதலில் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். காரணம் மேலே உள்ள கடைசி எண்.

ஆகவே சில நூறு ரூபாய்க்கு முகமூடி வாங்குவதற்கு முன் சில ரூபாய் வாஷரை மாற்றுங்கள். வெறும் தண்ணீர் நிரப்பி, பம்பை முதுகில் மாட்டிக் குனிந்து நிமிர்ந்து, மூடி, ஹோஸ் இணைப்பு, டிரிக்கர் மூன்றும் கசிகிறதா என்று பாருங்கள். நான் யாருக்காவது ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் அது இதுவாகத்தான் இருக்கும். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே பாலித்தீன் தாளைத் தொங்கவிடலாம், இடுப்புக்குக் கீழே வரை நீண்டிருக்க வேண்டும்.

முகத்தில் கட்டும் துண்டைப் பற்றி. பெரிய துளி நேராக மூக்கில் படுவதை அது கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. நனைந்த பிறகு, மருந்தில் தோய்ந்த துணியை மணிக்கணக்கில் மூக்கிலும் உதட்டிலும் ஒட்டி வைத்திருப்பதுதான் மிச்சம். என்95 முகமூடியும் துளிக்கும் தூசிக்கும்தான். இ.சி. வகை, அதாவது கரைப்பானில் கரைத்து வைத்து, தண்ணீரில் விட்டால் பால்போலக் கலக்கும் மருந்தின் ஆவிக்குக் கரி அடைத்த கார்ட்ரிஜ் போட்ட அரைமுக முகமூடி வேண்டும், அந்தக் கார்ட்ரிஜும் வாடை உள்ளே வரத் தொடங்கினால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். துண்டுதான் வழி என்றால் மூன்று துண்டு கொண்டுபோய் நனைந்ததும் மாற்றுங்கள்.

வாடைக்கு வருவோம். "நாத்தம் அடிச்சாத்தான் நல்ல மருந்து" என்பதும் "இது வாடையே இல்ல, சாதுவான மருந்து" என்பதும் ஒரே நம்பிக்கையின் இரண்டு பக்கம். இ.சி. மருந்துகளில் மூக்கைத் துளைப்பது பல நேரம் நஞ்சு அல்ல, அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான். பாராகுவாட் களைக்கொல்லியில் கெட்ட வாடையையும் நீல நிறத்தையும் வாந்தி மருந்தையும் தயாரிப்பாளர்களே சேர்ப்பதுண்டு, யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. மூக்கை வைத்து நஞ்சின் அளவைச் சொல்ல முடியாது.

குருணை மருந்துக்கு வாடையும் குறைவு, தெறிப்பும் இல்லை. அதனால் நாற்றங்காலில் மணலோடு கலந்து வெறுங்கையால் வீசுகிறார்கள். ஈரமண்ணில் விழுந்ததும் நஞ்சை விடுவதற்காகவே செய்த பொருள் அது. ஈரமண்ணும் ஈரக்கையும் அதற்கு ஒன்றுதான்.

முக்கோணத்தைப் பற்றியும் தப்பான தைரியம் உண்டு. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். எலிக்கு வாய்வழி கொடுத்தால் பாதி எலிகள் சாகும் அளவு, எடைக் கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் என்றால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தோல்வழி நஞ்சுக்கும் தனி அளவுகோல் உண்டு. இந்த நிறங்கள் சொல்வது ஒரே தடவையில் எவ்வளவு போனால் சாவு என்பதை மட்டும். பத்து வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் என்ன என்பதை எந்த நிறமும் சொல்லாது. பாராகுவாட்டுக்கு மஞ்சள் முக்கோணம்தான், ஆனால் முறிக்கும் மருந்தே இல்லாதது அது. வாயில் ஒரு மடக்கு போனால் முதலில் தொண்டைப்புண், சில நாள் கழித்து நுரையீரல் இறுகி மூச்சு நிற்கும். "மஞ்சள்தானே" என்று சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து அடிக்கக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. "எல்லாத்தையும் ஒண்ணா அடிச்சா கூலி மிச்சம்" என்ற கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் நஞ்சு எப்போதும் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூடுவதில்லை. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்தை உடம்பு சில நொதிகளால் உடைத்து வெளியேற்றும். புரொபெனோபாஸ் அந்த நொதிகளையே முடக்கும். புழு சாகாமல் தப்பிப்பதைத் தடுக்கத்தான் இரண்டையும் ஒரே டப்பாவில் சேர்த்து விற்கிறார்கள். அதே நொதிகள் அடிப்பவர் உடம்பிலும் இருக்கின்றன.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்து, பல நூறு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, மாநில அரசு 60 நாளுக்குத் தடைசெய்த ஐந்து மருந்துகளில் இந்தக் கூட்டும் ஒன்று. மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், டயாபென்தியூரான், பிப்ரோனில்-இமிடாகுளோபிரிட் கூட்டு ஆகியவை மற்றவை. அதே பருவத்தில் நம் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். யவத்மாலில் அந்த வருடம் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. நாசிலை இடுப்புக்குக் கீழே பிடித்து அடிக்க வேண்டிய மருந்தைத் தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள், அடித்த மருந்து அவர்கள் மேலேயே பொழிந்தது. செடி மார்பைத் தாண்டினால் உள்ளே நடந்து அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். கையை உயர்த்தி அடித்தே ஆக வேண்டிய இடத்தில் கையுறையைச் சட்டைக்கையின் மேலே இழுத்து விடுங்கள், இல்லையென்றால் மருந்து சட்டைக்குள் வழியும். கை தாழ்ந்திருக்கும் வேலைக்கு அப்படியே தலைகீழ், சட்டைக்கை கையுறைக்கு மேலே. கம்பூட்ஸுக்குப் பேண்ட் எப்போதும் வெளியேதான்.

காற்றை எல்லோரும் பார்க்கிறார்கள், காலைப் பார்ப்பதில்லை. அடித்த வரிசைக்குள்ளேயே நடந்து போனால் நனைந்த இலை தொடையையும் கெண்டைக்காலையும் துடைத்துக்கொண்டே வரும். காற்று குறுக்கே அடிக்கட்டும். காற்று போய்ச் சேரும் ஓரத்தில் ஆரம்பித்து, வரிசைக்கு வரிசை காற்று வரும் பக்கமாக நகர வேண்டும். நாசில் எப்போதும் காற்று போகும் பக்கம். அப்போது நடக்கும் பாதை காய்ந்திருக்கும்.

இப்போது "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்ற பேச்சு. மோனோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் நடுவே செய்தியை நிறுத்தும் கோலினெஸ்டரேஸ் நொதியைக் கட்டிப்போடுகின்றன. கட்டுண்டு போன நொதி ரத்தச் சிவப்பணுக்களில் நாளுக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் மீளும். பருத்திக்கு வாரம் ஒருமுறை அடித்தால், போன வாரம் குறைந்தது ஏறுவதற்குள் இந்த வாரம் மறுபடி குறையும். மெல்ல மெல்லக் குறைவதால் உடம்பு பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று வரும், "வெயில்ல நின்னது" என்று போய்விடும். சிலருக்கு நிஜமாகவே தொந்தரவு குறைந்ததுபோல் தெரியும். ஆனால் கையிருப்பு கரைந்துகொண்டே இருக்கிறது. பத்தாவது தெளிப்பில் மூடி கொஞ்சம் கசிந்தால், முதல் தெளிப்பில் தாங்கிய அதே அளவில் விழுந்துவிடுவார்.

ரத்தத்தில் இதைப் பார்க்கலாம். பருவம் தொடங்கும் முன் ஒருமுறை கோலினெஸ்டரேஸ் பரிசோதனை எடுத்து அந்தத் தாளை வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஆள் இயல்பான அளவு வெகுவாக மாறுவதால், நடுவில் மட்டும் எடுத்தால் "நார்மல்" என்று வந்து ஏமாற்றும். கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. சிவப்பணு நொதி சொந்த அளவில் 70 சதவீதத்துக்கோ பிளாஸ்மா நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அந்த வேலையிலிருந்து ஆளை எடுக்க வேண்டும், 80ஐத் தொட்டால்தான் திரும்பச் சேர்க்கலாம். ஊருக்கே மருந்தடித்துப் பிழைக்கிறவர்கள் வருடம் ஒருமுறையாவது இதைச் செய்துகொள்வது நல்லது.

குணப்படுத்தும் நம்பிக்கைகளில் பால் முதலிடம். அடித்து முடித்ததும் பால் குடித்தால் விஷம் முறியும் என்பார்கள். எதுவும் முறியாது. தோல்வழி ஏறியதற்கும் வயிற்றுப் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. அடிக்கும் முன் உடம்பில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வதும் வேலிபோல நிற்காது, பல மருந்துகள் எண்ணெயில் கரைபவை. வாய்வழி போய்விட்டவருக்குச் சாணிக் கரைசலையோ உப்புத் தண்ணீரையோ ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. மேலே வரும்போது கரைப்பான் நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி வியாதி. மயக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றினால் அங்கேயே மூச்சடைக்கலாம்.

உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் போடுவது வேறு வகையில் கெடுக்கிறது. தள்ளாட்டம், குழறல், வாந்தி எல்லாம் வந்தாலும் பார்க்கிறவர்கள் "போதையில கெடக்கான்" என்று விட்டுவிடுகிறார்கள். வெயில் மயக்கமா, போதையா, மருந்தா என்று பிரித்துப் பார்க்கக் கண்மணியைப் பாருங்கள். நிழலிலும் கடுகளவு சுருங்கியிருந்து, வாயில் எச்சில் வழிந்து, நெஞ்சு இறுகி, தசை துடித்தால் ஆர்கனோபாஸ்பரஸோ, அதே நொதியைக் கட்டிப்போடும் கார்பமேட் வகை மருந்தோ ஏறியிருக்கிறது. வெயிலில் வாய் வறளும், எச்சில் ஒழுகாது. பைரித்ராய்டு என்றால் முகம் எறும்பு ஊர்வதுபோல எரியும், வெயிலில் கூடும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். அதை "மருந்து சுர்ருனு இருக்கு, நல்லா கேட்கும்" என்று பாராட்டிக்கொள்பவர்களும் உண்டு.

ஒருவர் விழுந்தால் முதலில் துணியைக் கழற்றுங்கள். கழற்றுபவர் கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். தலைமுடி, காதுக்குப் பின், அக்குள், தொடையிடுக்கு உட்பட சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐ அழையுங்கள். மூச்சு திணறினால் கழுவுவதற்காக வண்டியைக் காக்க வைக்க வேண்டாம். டப்பாவையோ லேபிளையோ கட்டாயம் கொண்டுபோங்கள். "பூச்சிமருந்து" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சுக்குக் கொடுக்கும் அட்ரோபின் ஊசி எல்லாப் பூச்சிமருந்தையும் முறிக்காது, பாராகுவாட்டுக்கு மூக்கில் ஆக்சிஜனைத் தாராளமாக விடுவதே கேடு. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, மருத்துவரும் அழைத்துக் கேட்கலாம்.

தெளிந்துவிட்டார் என்று மறுநாளே வீட்டுக்குக் கூட்டி வருவதில் ஒரு பொறி இருக்கிறது. 1987இல் இலங்கை மருத்துவர்கள் எழுதி உலகுக்குத் தெரிந்தது இது. முதல் கட்டம் தணிந்த பிறகு, 24 மணியிலிருந்து 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரலாம். முதல் அடையாளம், படுத்திருப்பவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. அது தெரிந்தால் வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் கூலிக்காரர் செய்வாரா? இங்கே நம்பிக்கையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கூலி டேங்க் கணக்கு. கையுறை மாட்டி, நாசிலைப் பிரஷால் துடைத்து, நடுவில் கைகழுவினால் நாளுக்கு இரண்டு டேங்க் குறையும். சித்திரை வெயிலில் ரப்பர் கோட்டுப் போட்டு வேலை செய்ய முடியாது, அது நிஜம். "எனக்கு ஒண்ணும் பண்ணாது" என்பது பல நேரம் நம்பிக்கையே அல்ல, வேறு வழியில்லாதவர் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பேச்சு. இதே ஆட்கள் வீட்டுக்கென்று மருந்தடிக்காத தனிப் பாத்தியில் கீரை போடுவார்கள். ஆபத்து தெரியாமலா போடுகிறார்கள்? ஆகவே அன்றைக்கு நாள்கூலியாகப் பேசி, காலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் முடித்து, வரப்பில் இரண்டு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் வைப்பது காட்டுக்காரர் வேலை. கோட்டுக்குப் பதில் நெருக்கமாக நெய்த முழுக்கைப் பருத்திச் சட்டை, அதுவும் கெட்டிக் கஞ்சி போட்டது. மருந்து கஞ்சியில் ஒட்டிக்கொண்டு துவைக்கும்போது கஞ்சியோடு போகும்.

அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊற வைக்கக் கூடாது. தனி வாளி, இரண்டு முறை சோப்பு, நல்ல வெயில். துவைப்பவர் கையிலும் உறை. டப்பா மருந்து நேரடியாகக் கொட்டிய துணியைத் துவைக்கவே வேண்டாம், தூக்கி எறியுங்கள். லேபிளில் எத்தனை நாள் கழித்துக் காட்டுக்குள் போகலாம் என்று போட்டிருந்தால் அது களை எடுக்கும் பெண்களுக்கும் சேர்த்துத்தான். இல்லையென்றால் இலை காய்ந்து ஒரு நாளாவது ஆகட்டும்.

கடைசியாகக் காலி டப்பா. 2013இல் பீகாரின் சரண் மாவட்டப் பள்ளியொன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது, முன்பு பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டது. அந்த மருந்தின் 36 எஸ்.எல். வகைக்கு 2023இல்தான் மத்திய அரசு தடை போட்டது. நம் ஊரில் மிச்ச மருந்தைக் குவாட்டர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், பக்கத்துக் காட்டுக்காரருக்கு அப்படியே கடன் கொடுப்பதும் இன்னும் நடக்கிறது. டப்பா காலியானதும் கால்பங்கு தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் குலுக்கி, அதை டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று தடவை. பிறகு அடியில் ஆணியால் நாலு ஓட்டை.